தொட்டி மேலே ஏறாத ஞாயிற்றுக்கிழமை

என் மாமா அர்த்தநாரி சிரிப்பதில் ஒரு சின்னக் கோளாறு இருந்தது. எல்லோரும் சிரித்து முடிக்கிற நேரத்தில்தான் அவர் தொடங்குவார். கல்யாணப் பந்தி, டீக்கடை, டிவி முன்னால், எங்கே ஆனாலும் அப்படித்தான். முதலில் சுற்றியிருக்கிற முகங்களை ஒரு தரம் பார்ப்பார். நாலு பேருக்குப் பல் தெரிந்தால் தானும் சிரிப்பார். அறியாதவர்கள், மனுஷன் யோசித்துச் சிரிக்கிறவர் போலிருக்கிறது என்று மரியாதையாக நினைத்துக்கொள்வார்கள். அவர் என் அக்கா மயிலம்மாளைக் கட்டியவர், அதனால் எனக்கு உண்மை தெரியும். அவருக்குக் காது சரியாகக் கேட்காது.

முப்பத்தியொரு வருடம் போர்வெல் போடும் ரிக் வண்டியில் இருந்தவர். புதுச்சத்திரத்திலிருந்து கிளம்பினால் ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போய்விட்டு ஆறு மாதம், எட்டு மாதம் கழித்து வருவார். வண்டிக்குப் பக்கத்தில் கம்ப்ரசர் ஓடும்போது இடி விழுந்தாலும் கேட்காது. காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று சொல்ல அந்தக் காலத்தில் யாருமில்லை. இருந்திருந்தாலும் மாமா கேட்டிருக்க மாட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் வேலையை விட்டு நிரந்தரமாக வீடு வந்து சேர்ந்தபோது, காதில் கால்வாசிதான் மிச்சம் இருந்தது.

காது மெஷின் வாங்கினோம். ஒன்பது நாள் போட்டார். குக்கர் விசில் கம்ப்ரசர் மாதிரி கேட்கிறது, பேச்சு மட்டும் கேட்கவில்லை என்று கழற்றி, பீரோவில் வைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் கத்த ஆரம்பித்தார்கள். அக்கா அவரைச் சாப்பிடக் கூப்பிட்டால், பக்கத்து நாலு வீட்டுக்காரர்களும் கை கழுவுவார்கள். அக்கா மகள் தனப்பிரியா சேலத்தில், சூரமங்கலம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வாய் திறந்தால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத பெண். அவளும் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் ஏலம் விடுகிறவள் மாதிரி பேசப் பழகிவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் போன மாசியில் ஒரு நாள் மாமா அறிவித்தார். இனிமேல் தோட்டத்துச் சாளையில் தங்கிக்கொள்கிறாராம். சாளை என்றால் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில், மோட்டார் ரூமை ஒட்டி இருக்கிற ஒற்றை அறை. சோறு மட்டும் தூக்குப் போசியில் வந்தால் போதும் என்றார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கட்டிலையும் பீரோவையும் ஏற்ற சின்ன யானை என்கிற லோடு வண்டி சொல்லியாகிவிட்டது. அக்கா எனக்குப் போன் போட்டு அழுதாள். நான் நாமக்கல்லில் கோழித் தீவனம் விற்கிற ஏஜென்ட். வாயை வைத்துப் பிழைக்கிறவன். நான் வந்து நாலு வார்த்தை சொன்னால் மாமா மனம் மாறிவிடுவார் என்று அவளும் நம்பினாள், நானும் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கே போய்விட்டேன். மாமா கட்டிலைக் கழற்றிச் சட்டங்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்.

“ஏனுங் மாமா, நம்மூட்டுல என்னங்க கொறச்சல்?” என்று கத்தினேன்.

“காட்டுப்பன்னி வந்து குச்சிக்கிழங்கைத் தோண்டுது மாப்ளே. ஆள் இருக்கோணும்” என்றார்.

காது கேட்காத காவல்காரருக்குப் பன்னி வருவது எப்படித் தெரியும் என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. வேறு பதினைந்து நியாயங்களைக் கத்திச் சொன்னேன். எல்லாவற்றையும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சோறு தின்னுட்டுப் போ மாப்ளே” என்றார். தீவனக் கம்பெனியின் மேனேஜரைக்கூட இவ்வளவு சிரமப்படாமல் மடக்கியிருக்கிறேன்.

அக்கா பள்ளிபாளையம் சிக்கன் செய்திருந்தாள். கோபத்தில் வரமிளகாய் இரண்டு பங்கு விழுந்துவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் டிவியைப் போட்டால் கேபிள் இல்லை. எங்கேயோ ரோடு தோண்டும்போது ஒயரை அறுத்துவிட்டார்களாம். வீட்டில் ஒரு இழவு அமைதி. அதைத் தாங்க முடியாமல்தான் தனப்பிரியா தன் கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தாள். அவளோடு வேலை பார்க்கும் கௌசியா கொடுத்தது. கௌசியா பழைய படப் பைத்தியம். உலகத்தில் எந்த நாட்டில் கறுப்பு வெள்ளையில் எது எடுத்திருந்தாலும் தேடிப் பிடித்துப் பார்ப்பவள்.

“பிரெஞ்சுப் படம் மாமா. காமெடியாம். முன்னாடி ஒரு பழைய கார்ட்டூனும் போட்டுக் குடுத்திருக்கா. அந்தக் காலத்துத் தியேட்டர்ல படத்துக்கு முன்னால அப்புடித்தான் போடுவாங்களாம்” என்றாள் என்னிடம். நான் அவளுக்குத் தாய்மாமன்.

“பிரெஞ்சா? அப்ப உனக்கென்ன சாமி, நீதான் எல்லாத்தையும் சொல்லிருவியே!” என்றாள் அக்கா. அவள் முகத்தில் அன்று முதல் தடவையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பெருமை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தனப்பிரியா ஹாஸ்டல் வைத்த பள்ளிக்கூடம் ஒன்றில் பன்னிரண்டாவது படித்தாள். அங்கே தமிழ் எடுத்தால் மார்க் குறையும் என்று பாதிப் பிள்ளைகளைப் பிரெஞ்சு எடுக்க வைத்துவிடுவார்கள். அவள் பிரெஞ்சில் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றேழு வாங்கினாள். பஸ் ஸ்டாப்பில் பிளெக்ஸ் வைத்தோம். மாமா சத்தீஸ்கரில் ஒரு குவாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, போனில் வந்த அந்தப் பிளெக்ஸ் படத்தை ஹிந்திக்கார லாரி டிரைவர்களுக்கெல்லாம் காட்டினாராம். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் பிரெஞ்சுக்காரர் யாராவது வழி தவறி வந்துவிட்டால் பேச ஆள் இருக்கிறது என்கிற தைரியத்தோடுதான் எல்லோரும் வாழ்ந்து வந்தோம்.

முதலில் கார்ட்டூன் வந்தது. திரை முழுக்க மழைக்கோடு மாதிரி கீறல். ஒரு கோழி மேட்டின் மேல் முட்டை வைக்கிறது. முட்டை உருண்டு ஓடுகிறது. கோழி பின்னாலேயே ஓடுகிறது. முட்டை பாலத்தைத் தாண்டுகிறது, ரயில் தண்டவாளத்தைத் தாண்டுகிறது, பேண்டு வாசிக்கிறவனின் குழாய்க்குள் போய் வெளியே வருகிறது. உடையவே இல்லை. கோழிக்குத்தான் சிறகெல்லாம் உதிர்ந்து பாதியாகிவிட்டது.

“ஐயோ, ஒடஞ்சிருமாட்ட இருக்குதே” என்று அக்கா பதைத்தாள். நாமக்கல் ஜில்லாவில் முட்டை உருள்வதை யாரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நானே அது கார்ட்டூன் என்பதை மறந்து, எந்தத் தீவனம் தின்றால் இவ்வளவு கெட்டி ஓடு வரும் என்று யோசித்தேன்.

கயிறு தேடி உள்ளே வந்த மாமா நிலைப்படியில் அப்படியே நின்றுவிட்டார். உட்காரவில்லை. இரண்டு வருடமாக அவர் டிவி முன்னால் உட்காருவதே இல்லை. ஒரு தோளை நிலைக்கதவில் சாய்த்து, கோழியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் முட்டை தானாகவே மேடேறிக் கூட்டுக்குள் வந்து படுத்துக்கொண்டது. களைத்துப் போன கோழி அதன் மேல் உட்கார்ந்ததும் அதன் கனத்தில் உடைந்து குஞ்சு வந்தது. அக்கா அப்பாடா என்று மூச்சு விட்டாள். மாமா நகரவில்லை.

பிறகு படம் தொடங்கியது. உயரமான வீடுகள் இருக்கிற ஏதோ ஒரு பிரெஞ்சு ஊர். நாலாவது மாடியில் ஒரு அம்மாவுக்குக் குளிக்கிற தொட்டி வேண்டும். பெரிய பீங்கான் தொட்டி. படிக்கட்டு குறுகல். அதனால் மொட்டை மாடியில் ஒரு கப்பியை மாட்டி, தெருவிலிருந்து கயிறு கட்டி வெளிப்பக்கமாக மேலே ஏற்றப் பார்க்கிறார்கள். வேலைக்கு இரண்டே பேர். தெருவில் நின்று சைகை காட்டுகிறவன் குட்டையாக, உருண்டையாக இருந்தான். மேலே கயிறு இழுக்கிறவன் ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்தான். அவர்கள் பெயர் எங்களுக்குப் பிடிபடவில்லை. அக்கா உருளை என்றும் குச்சி என்றும் வைத்துக்கொண்டாள்.

கீழே இங்கிலீஷில் எழுத்து வரும் என்று கௌசியா சொல்லியிருந்தாளாம். எங்கள் டிவியில் வரவில்லை. மாடிக்கார அம்மா ஜன்னலில் நின்று உருளையிடம் ஏதோ மூச்சுவிடாமல் பேசினாள்.

“என்ன சொல்றா சாமி?” என்றாள் அக்கா.

தனப்பிரியா தொண்டையைச் செருமினாள். “தொட்டி அழகா இருக்குதுன்னு சொல்றாம்மா.”

“அழகா இருக்குதுன்னா சொல்றா? இல்ல கண்ணு” என்று நிலைப்படியிலிருந்து குரல் வந்தது. மாமா. மகளின் வாயைப் பார்த்துப் பிடித்திருப்பார். “அவ வேண்டாங்கறா. அது இல்ல, வேற தொட்டி கேட்டேங்கறா. கையப் பாரு, சின்னதுன்னு காட்டறா பாரு.”

அடுத்த நிமிடமே அந்த அம்மா உள்ளே போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து ஆட்டினாள். அதில் சின்னத் தொட்டியின் படம் வரைந்திருந்தது. அக்கா மகளைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பிளெக்ஸ் வைத்த செலவில் பாதி என்னுடையது.

“மார்க்குக்காக எடுத்ததும்மா” என்றாள் தனப்பிரியா, மிக மெல்லிய அவளுடைய சொந்தக் குரலில். “பத்துக் கட்டுரை, இருவது கேள்வி, எல்லாத்தையும் மனப்பாடம் பண்ண வெச்சாங்க. பேசுனா ஒரு எழவும் புரியாது.”

எங்கள் குடும்பத்தின் பிரெஞ்சு அந்த இடத்தில் முடிவுக்கு வந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு யாரும் தனப்பிரியாவைக் கேட்கவில்லை. எல்லோரும் மாமாவைக் கேட்டோம். கேட்டோம் என்றால், சும்மா அவர் பக்கம் திரும்பிப் பார்த்தோம். அவர் சொல்லிக்கொண்டே வந்தார். ரிக் வண்டியில் பேச்சே கிடையாது. முப்பத்தியொரு வருடமும் கையாலும் கண்ணாலும்தான் அவருக்கு வாழ்க்கை நடந்திருக்கிறது. ராடு ஏற்று, இறக்கு, தண்ணீர் விடு, டீ வந்தாச்சு, ஓனர் வருகிறான், எல்லாவற்றுக்கும் ஒரு சைகை உண்டு. தெலுங்கு ஹெல்ப்பர், ஒடியா ஹெல்ப்பர், யார் வந்தாலும் இரண்டு நாளில் கற்றுக்கொள்வார்களாம். பிரெஞ்சுக்காரன் மட்டும் என்ன, தேவலோகத்திலிருந்தா வந்தான்?

அந்த அம்மா வேண்டாமென்றும் கேட்காமல் இருவரும் ஏற்றியதில் தொட்டி இரண்டாவது மாடி வரைக்கும் ஏறியது. அப்போது ஒரு தேனீ வந்து உருளையின் மூக்கைச் சுற்றியது. உருளை இடது கையால் அதை லேசாக விரட்டினான்.

மாமா வெடித்துச் சிரித்தார்.

நாங்கள் மூன்று பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். எங்களுக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. திரையில் ஒன்றுமே நடக்கவில்லை, ஒருவன் ஈ ஓட்டுகிறான், அவ்வளவுதான். “செத்தான்! மேல இருக்கறவன் அதையச் சைகைன்னு எடுத்துக்குவான்!” என்று மாமா சொல்லி வாயை மூடுவதற்குள் குச்சி கயிற்றை இடது பக்கம் இழுத்தான். தொட்டி ஊஞ்சலாடிக்கொண்டு போய்ப் பக்கத்து ஜன்னலுக்குள் நுழைந்து, அங்கே தூங்கிக்கொண்டிருந்தவனை அள்ளிக்கொண்டு வெளியே வந்தது. அப்போதுதான் நாங்கள் சிரித்தோம். அவருக்குப் பின்னால் சிரித்தோம். அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

மாமா எப்போது நிலைப்படியை விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார் என்று தெரியாது. கயிறு மட்டும் மடியில் இருந்தது. தேனீ போகவில்லை. உருளை குதித்தான், குனிந்தான், தொப்பியால் அடித்தான். குச்சி ஒவ்வொன்றையும் உத்தரவு என்று நினைத்து இழுத்தான், விட்டான். கடைசியில் உருளை பயந்து போய் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினான். குச்சி அதற்கும் இழுத்தான்.

மாமாவுக்கு வந்ததே கோபம்! “நிறுத்துன்னு காட்டறான், இழுக்கறான் பாரு முட்டாப்பய!” என்று எழுந்தே விட்டார். எங்களுக்குச் செய்து காட்டினார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி மணிக்கட்டில் குறுக்காக வைத்தார். “இதான் நிறுத்து. ரிக்குல இதைய யாரு காட்டுனாலும் நிறுத்தோணும். ட்ரில்லர் காட்டுனாலும் சரி, சமையல்காரன் காட்டுனாலும் சரி. ஏன்னு அப்பறந்தான் கேக்கோணும். பாத்தவன் ஒரு கையத் தூக்கி, பாத்துட்டேன்னு காட்டோணும். அதுவரைக்கும் காட்டுனவன் கைய எறக்கப் படாது. உசுரு போற காரியம்.”

நாங்கள் மாணவர்கள் மாதிரி தலையாட்டினோம். அவர் உட்கார்ந்தார். திரையில் மாடிக்கார அம்மா ஜன்னல் வழியாக உருளையைத் திட்ட ஆரம்பித்தாள். வாய் காது வரைக்கும் திறந்திருந்தது. மாமா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, படத்தைப் பற்றிச் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

“நம்மூடும் இப்புடித்தான் இருக்குது எனக்கு.”

மூன்று பேரும் திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினோம். அவர் தொடர்ந்தார்.

“நீங்க சத்தமாப் பேசறது எனக்காகத்தான், தெரியாம இல்ல. ஆனாக் கத்தறப்ப எல்லா மூஞ்சியும் கோவமா ஆயிருது. சத்தம் எனக்குக் கேக்கறதில்ல, மூஞ்சி தெரியுதுல்ல? காலையில எந்திரிச்சாக் கோவம், சோறு திங்கறப்பக் கோவம். வாரத்துக்கொருக்கா வார புள்ள மூஞ்சிலயும் கோவம். சாளையில இருந்தா உங்க மூஞ்சியெல்லாம் நல்லா இருக்குமேன்னுதான்.”

காட்டுப்பன்னி என்று ஒன்று வரவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் நான் பதினைந்து நியாயம் சொன்னபோது அவர் பார்த்துக்கொண்டிருந்தது என்ன என்பதும் உறைத்தது. வெட்கமாக இருந்தது. தனப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா மட்டும் அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள், திறந்த வாயைச் சட்டென்று மூடிக்கொண்டாள். எதைச் சொன்னாலும் கத்தித்தானே சொல்ல வேண்டும்?

அந்த நேரம் பார்த்து வாசலில் ஹாரன் அடித்தது. நாலு மணி. சின்ன யானை.

மாமாவுக்குக் கேட்கவில்லை. அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் மூவருக்கும் கேட்டது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் வாய் திறக்கவில்லை. தப்புத்தான். ஒருவருக்குக் காது கேட்காததை நமக்குச் சாதகமாக்கிக்கொள்வது நல்ல மனுஷத்தனம் இல்லை. இருந்தாலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். இரண்டாவது தடவையும் ஹாரன் அடித்தது.

மூன்று பேர் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் மாமாவுக்குப் போதாதா? எங்கள் முகங்களை ஒரு தரம் பார்த்தார். பழைய பார்வைதான், எப்போது சிரிப்பது என்று தேடுகிற பார்வை. “வண்டி வந்துருச்சாட்ட இருக்குது” என்றார். மடியிலிருந்த கயிற்றை எடுத்துக்கொண்டு எழுந்தார். கட்டில் சட்டங்கள் கிடந்த பக்கம் போனார். ஒரு சொல் அதிகமில்லை, கோபமில்லை.

அக்கா எழுந்து ஓடி நிலைப்படியில் அவருக்கு முன்னால் போய் நின்றாள். அக்காவுக்கு இடது தோளில் வலி. துணி காயப்போடக்கூடக் கையைத் தூக்க மாட்டாள். அந்தக் கையையும் சேர்த்து இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள். மணிக்கட்டில் குறுக்காக வைத்தாள். கண்ணாடி வளையல்கள் முழங்கை வரைக்கும் சரிந்து இறங்கின.

மாமா நின்றுவிட்டார்.

அவர் அவள் கையைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார். அக்கா கத்தவில்லை, அழவில்லை, வாயே திறக்கவில்லை. இரண்டு வருடமாக அந்த முகத்தை அவர் இப்படிப் பார்த்திருக்க மாட்டார். ஹாரன் மூன்றாவது முறை அடித்தது. அக்கா கையை இறக்கவில்லை. பாத்துட்டேன் என்று எதிரில் இருப்பவர் காட்டுகிற வரைக்கும் இறக்கக் கூடாது என்று அவர்தானே கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சொல்லிக்கொடுத்தார்.

மாமா கயிற்றைக் கீழே போட்டார். வலது கையை மெதுவாகத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினார்.

அக்கா கையை இறக்கினாள். தோளைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாமா குனிந்து, சரிந்த வளையல்களை ஒவ்வொன்றாக மணிக்கட்டுக்கு இறக்கிவிட்டார். அதற்கு மேல் அங்கே எனக்கு வேலை இல்லை என்று நான் வாசலுக்கு வந்தேன்.

வண்டிக்காரர் கலையரசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எரிச்சலாக நின்றிருந்தார். “என்னுங்க, எத்தன வாட்டி அடிக்கறது? கட்டில் ஒண்ணு, பீரோ ஒண்ணுன்னு சொன்னாங்க.”

“இல்லீங்க. போகலீங்க. நிறுத்தியாச்சு.”

“ஏனுங்க? காலையிலகூட அர்த்தநாரி அண்ணன் நாலு மணின்னு கை காட்டிச் சொன்னாரே!”

“நிறுத்துன்னா நிறுத்தோணுமுங்க” என்றேன். “ஏன்னு அப்பறந்தான் கேக்கோணும்.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வந்ததற்கு ஒரு டீயாவது குடித்துவிட்டுப் போகட்டும் என்று கூப்பிடத் திரும்பினேன். அப்போது உள்ளே டிவி முன்னாலிருந்து மாமா சிரிக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் மற்ற இருவரும் சிரித்தார்கள்.